சதுரகிரி ஒரே நாளில்: அம்மாவுக்கு 64, மகனுக்கு 11, முடியுமா?

பிப்ரவரி 8, காலை 10.15 (கேள்வி)

தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். மாசி பௌர்ணமி 24ஆம் தேதி வருகிறது. அம்மா சின்ன வயதில் தாத்தாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறியிருக்கிறார். "கண்ணை மூடுறதுக்குள்ள இன்னொரு தடவை அந்தச் சாய்ஞ்ச லிங்கத்தைப் பாக்கணும்டா" என்கிறார். வயது 64, சர்க்கரை உண்டு, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். மகனுக்கு 11. அவனுக்குச் சாம்பல் அணில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் ஆள். ஏழு கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் ஏறி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரிதானா?

பிப்ரவரி 8, பகல் 12.05

ஏழு கிலோமீட்டர் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள் தம்பி. ஒருவர் ஏழு என்பார், இன்னொருவர் பத்து என்பார், அடிவாரத்தில் கேட்டால் "ரெண்டு ஏத்தம்தான், ஏறிடலாம்" என்பார்கள். தார்ச்சாலைக்குத்தான் கிலோமீட்டர். இங்கே பாறை, ஓடை, வேர், மறுபடி பாறை. மணிக்கணக்கு ஒன்றுதான் கைகொடுக்கும்.

நான் ராஜபாளையத்துக்காரி. முதல் தடவை ஏறியது 1989இல், இருபது வயதில். அதற்குப் பிறகு இருபது தடவைக்கு மேல் போயாயிற்று. அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் ஏறினேன். இப்போது நாலரை மணி நேரம் ஆகிறது. உங்கள் அம்மாவுக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்க இரண்டு மணி நேரம் என்று சொன்ன நண்பருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். இறங்கும்போதுதான் முழங்கால் அழும். அம்மாவுக்கு அதற்கு நான்கு மணி நேரம்.

இனிக் கூட்டிப் பாருங்கள். அடிவாரத்தில் தாணிப்பாறை கேட்டில் காலை ஏழு மணி வாக்கில்தான் உள்ளே விடுகிறார்கள். குறித்த நேரத்துக்குமேல் ஏற விடுவதில்லை. மேலே இரவு தங்கக் கூடாது. ஏழு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்கு மேலே. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, ஒரு மணிக்குத் திரும்பினால் ஐந்து மணிக்குக் கீழே. பிப்ரவரி கடைசியில் சூரியன் மறைவது 6.30 வாக்கில் என்று காலண்டர் சொல்லும். ஆனால் இது மலையின் கிழக்குச் சரிவு. சூரியன் மலைக்குப் பின்னால் முன்கூட்டியே போய்விடும். மரம் அடர்ந்த ஓடைப் பகுதியில் ஐந்தரைக்கே கால் வைக்கும் கல் சரியாகத் தெரியாது.

அதாவது கையில் மிச்சம் இருப்பது அரை மணி நேரம். முடியும். ஆனால் அந்த அரை மணி நேரத்தை வழியில் எங்கேயும் செலவழிக்க முடியாது.

பிப்ரவரி 8, இரவு 9.30

சர்க்கரை என்று நீங்கள் எழுதியதை மதியம் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது திரும்பப் படிக்கும்போது மனசு பதறுகிறது.

அம்மா நிச்சயம் வெறுங்காலோடு ஏற வேண்டும் என்பார். அந்தத் தலைமுறை அப்படித்தான். விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும் தெரியாது. பத்து மணிக்குமேல் பாறை சுடுவதும் தெரியாது. கொப்புளத்தோடு இறங்கி வந்து ஊருக்குப் போனபிறகுதான் பார்ப்பார்கள், அதற்குள் புண். பழகிய, பிடிமானம் உள்ள ஷூ, தடித்த பருத்திக் காலுறை. புது ஷூ கூடாது, இன்றைக்கே வாங்கித் தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். சாமி சந்நிதியில் கழற்றினால் போதும்.

இரண்டாவது, மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் மலை ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அன்றைக்கு மருந்தை எப்படி எடுப்பது என்று அவருடைய டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். கடலை மிட்டாயும் குளுக்கோஸும் அம்மாவின் சொந்தப் பையில் இருக்க வேண்டும். உங்கள் பையில் இருந்து, நீங்கள் முன்னே போய்விட்டால் என்ன பயன்?

பிப்ரவரி 9, காலை 6.50

எந்த நாள் என்பது. பௌர்ணமி அன்றைக்கே போக வேண்டாம். எந்தெந்த நாட்களில் மலை ஏற விடுகிறார்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் பாருங்கள். கூட்டம் பெரும்பாலும் பௌர்ணமி நாளில்தான். வழுக்குப்பாறையில் முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர் என்றால் வயதானவர்கள் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் இருக்காது. பின்னால் வருகிறவர் "போங்கம்மா போங்கம்மா" என்று சொல்லச் சொல்ல, தன் வேகத்தை விட்டு ஏறுவார்கள். முந்தின நாள், 23ஆம் தேதி போங்கள்.

தாம்பரத்தில் பொதிகை ஏறினால் விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர். அன்றைக்கே மலைக்கு ஓடாதீர்கள். ரயிலில் தூங்காத உடம்போடு ஏறுவது பெரிய தப்பு. ஒரு நாள் தங்கி, ஆண்டாளைப் பார்த்துவிட்டு, மாலையில் அம்மாவை மாட வீதியில் மெதுவாக நடக்க விடுங்கள். மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை. விசேஷ நாட்களில் பஸ் உண்டு. ஆனால் திரும்பும்போது காத்திருக்கிற வண்டி ஒன்றைப் பேசிவைப்பது நல்லது. நடக்க முடியாத காலோடு பஸ்ஸுக்கு நிற்பது கொடுமை.

பிப்ரவரி 10, மாலை 4.20

மகனுக்கு.

நீ போகப்போகும் காடு உன் அணிலுக்காகவே சரணாலயம் ஆனது. 1988இல் சாம்பல் நிற அணிலின் பெயராலேயே இதை அறிவித்தார்கள். சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021இல் பக்கத்து மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆக நீ அணில் வீட்டுக்கும் புலி வீட்டுக்கும் ஒரே நாளில் போகிறாய். யானை, காட்டெருமை, மிளா, கரடி, சிறுத்தை, உச்சிப் புல்வெளியில் வரையாடு, இரவில் கண் மின்னும் தேவாங்கு எல்லாம் உண்டு. இவற்றில் ஒன்றையும் நீ பார்க்காமல் போகலாம். அவை உன்னைப் பார்த்திருக்கும்.

அணிலைப் பார்க்க மூன்று வழி. ஒன்று, மேலே பார். அது தரைக்கு வருவது அபூர்வம். கிளையிலிருந்து கிளைக்குத் தாவித்தான் போகும். அதனால் இரண்டு மரங்களின் தலை ஒன்றையொன்று தொடும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். இலையும் குச்சியும் சேர்ந்த பெரிய உருண்டை. பருந்து வந்தால் தப்பிக்க வழி வேண்டுமல்லவா? இரண்டு, கீழே பார். பாதி கடித்த பழம், கொறித்த புளியங்காய் ஓடு புதிதாகக் கிடந்தால் தலைக்கு மேலே சாப்பாடு நடக்கிறது. மூன்று, காதைக் கொடு. 'கட கட கட' என்று ஒரு சத்தம் போடும். அதற்கு நீ பேசாமல் இருக்க வேண்டும். பயந்தால் கிளையோடு ஒட்டிப் படுத்துவிடும், பத்து நிமிஷம்கூட அசையாது. அசையாமல் நின்றால் நீ ஜெயிக்கலாம்.

நாங்கள் மேலே கோயில் பக்கம் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறோம், அங்கே நன்றாகத் தேடு.

பிப்ரவரி 11, இரவு 10.40

ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிப்ரவரியில் மழை இல்லையே, ஓடையைப் பற்றி ஏன் கவலை?" பிப்ரவரியில் அவ்வளவு கவலை இல்லைதான். ஆனால் இந்த இழையைச் சித்திரையிலும் ஐப்பசியிலும் யாராவது படிப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

1997, சித்திரை மாசம். நானும் அப்பாவும் இறங்கிக்கொண்டிருந்தோம். மாங்கனி ஓடைக்கு வந்தபோது மணி மூன்று. தலைக்கு மேலே வெயில். காலையில் நாங்கள் கல்லுக்குக் கல் தாவி வந்த அதே இடம், கணுக்கால் தண்ணீர். நான் காலை வைக்கப் போனேன். அப்பா என் தாவணி முந்தியைப் பிடித்து இழுத்தார். "தண்ணி நெறம் மாறுது பாரு." பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் பால் விட்டதுபோல ஒரு கலங்கல். கூடவே காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. காற்றே இல்லை. இலை எங்கிருந்து வருகிறது? மேலே எங்கோ மழை.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. சத்தம்தான் முதலில் வந்தது, லாரி சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல. அப்புறம் ஓடை முழுக்கச் செம்மண் தண்ணீர். காலையில் உட்கார்ந்து சோறு தின்ற பாறை காணாமல் போயிற்று. அக்கரையில் நாற்பது பேர், இக்கரையில் நாங்கள் முப்பது பேர். எங்கள் பக்கத்தில் ஒரு பையன், "நீந்திப் போயிடுறேன்" என்று சட்டையைக் கழற்றினான். அப்பா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். விடவே இல்லை. ஏழரை மணிக்குத் தண்ணீர் இறங்கியது. கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கடந்தோம்.

இந்த மலையில் மண் ஆழம் குறைவு, பெரும்பாலும் பாறை. பெய்த மழை ஊறாமல் அப்படியே வழிந்து ஓடைக்கு வரும். உச்சியில் அரை மணி நேரம் பெய்தால் போதும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் இந்தச் சரிவுக்கு ஆபத்து.

2015 மே மாத அமாவாசைக்கு வந்த கூட்டம் இப்படித்தான் காட்டாற்று வெள்ளத்தில் மாட்டியது. உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானவர்கள் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வந்தது. அப்பா பிடித்திருக்காவிட்டால்?

தண்ணீர் கலங்கினால், இலை மிதந்து வந்தால், கால் வைக்காதீர்கள். ஏறுகிற பக்கம் இருந்தால் திரும்புங்கள், இறங்குகிற பக்கம் இருந்தால் மேட்டில் ஏறி உட்காருங்கள். வந்த தண்ணீர் வடிந்தும் விடும். சில மணி நேரம் காத்திருப்பதால் யாரும் சாகமாட்டார்கள்.

பிப்ரவரி 12, காலை 7.15

நேற்று ஒரு தங்கை தனியாகக் கேட்டதற்கு "வழியில் ஒரு குச்சி ஒடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒடிக்காதீர்கள். விசேஷ நாளுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் ஏறுகிற பாதையில் ஆளுக்கொரு குச்சி ஒடித்தால் பாதையோரம் என்ன மிஞ்சும்? சரணாலயத்தில் அது குற்றமும்கூட. நாங்கள் சின்ன வயதில் ஒடித்தோம், பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்தே மூங்கில் கம்போ மடக்குக் கம்போ எடுத்துவாருங்கள். அம்மாவுக்கு இரண்டு. இறங்கும்போது இரண்டு கம்பும் முன்னால் ஊன்றி, பிறகு கால். முழங்காலுக்குப் போகும் பாரத்தில் ஒரு பங்கு தோளுக்குப் போகும்.

பிப்ரவரி 13, இரவு 8.55

மேலே ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "முன்னோர் காலத்திலிருந்து நினைத்தபோது போன கோயிலுக்கு, இப்போது நாள் குறித்து நேரம் குறித்து விடுவது என்ன நியாயம்?"

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நானே இதைப் பல வருஷம் பேசியிருக்கிறேன். இரவு ஏறிய காலம் எனக்குத் தெரியும். பௌர்ணமி வெளிச்சத்தில் பாறை வெள்ளியாக மின்னும். மடங்களில் எந்நேரமும் கஞ்சி, சோறு. யாரென்று கேட்காமல் இலை போடுவார்கள். அதை இழந்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

ஆனால் என் மனம் மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வருஷம் மாசி மாதம், விடியலில் ஊற்று ஒன்றின் பக்கம் நின்றோம். மனிதர்கள் ராத்திரி முழுக்கத் தங்கிய இடம். சாம்பல், இலை, பை, துணி. அந்த ஈர மண்ணில் யானைத் தடம், குட்டியின் தடம் கூடவே. ஊற்றுவரை வந்து, தண்ணீரைத் தொடாமல் திரும்பிய தடம். கோடை தொடங்கும்போது இந்தச் சரிவில் தண்ணீர் இருப்பது சில இடங்களில்தான். அதே இடங்களில்தான் நாமும் தங்குவோம், சமைப்போம், குளிப்போம். அந்தக் குட்டி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு. இதை நான் இப்போது மனதார ஏற்கிறேன். எத்தனை நாள் திறக்க வேண்டும் என்பதில் நாம் பேசலாம், கேட்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். இரவு மட்டும் அவற்றுக்கே இருக்கட்டும்.

பிப்ரவரி 14, பகல் 1.30

சாப்பாடு. பிளாஸ்டிக் பையும் தீப்பெட்டியும் கேட்டிலேயே எடுத்துவிடுவார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில், ஆளுக்கு இரண்டு லிட்டர். பிப்ரவரியில் ஊற்றை நம்ப வேண்டாம். புளியோதரையை வாழையிலையில் கட்டி, மேலே துணி. வறண்ட தொண்டைக்கு இட்லிப்பொடி இறங்காது, வேண்டாம். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு அவசியம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஏறினால் தசை பிடிக்கும். மேலே அன்னதானம் கிடைத்தால் பிரசாதமாகச் சாப்பிடுங்கள், அதை நம்பிச் சோறு கட்டாமல் போகாதீர்கள்.

குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும். கையில் தொங்கும் எந்தப் பையும் அவற்றுக்குத்தான். முதுகில் மாட்டுங்கள். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 16, காலை 11.10

அணில் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். பையனிடம் உடனே சொல்லுங்கள்.

10ஆம் தேதி "மேலே கோயில் பக்கம் தேடு" என்று எழுதினேன். நேற்று என் தம்பி மகன் எடுத்த பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நாங்கள் பார்த்தது செங்கல் நிறத்தில், வயிறு வெளிறி இருக்கிறது. அது மலபார் மலை அணில். இத்தனை வருஷம் அதையே சாம்பல் அணில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! உன் அணில் பழுப்பும் சாம்பலும் கலந்தது, முடியின் நுனி வெளுத்து, வால் நரைத்ததுபோல இருக்கும். அதற்குப் பிடித்த இடம் அடிவாரத்துப் புளியந்தோப்பு, மாந்தோப்பு, ஓடையோரம் மரங்கள் கூடாரமாக நிற்கும் இடம்.

இதில் நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. அணிலுக்காக உச்சிவரை போக வேண்டியதில்லை. ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள், முதல் ஒரு மணி நேர நடையிலேயே பார்த்துவிட வாய்ப்பு அதிகம். வெயில் ஏறினால் அது இலைக்குள் போய் ஓய்வெடுக்கும்.

பிப்ரவரி 17, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. அணிலுக்காக உச்சிக்குப் போக வேண்டியதில்லை என்று எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2008இல் அப்பாவோடு கடைசியாக ஏறினேன். அவருக்கு 68. கோரக்கர் குகைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வாம்மா, நான் இங்கனயே கும்புட்டுக்கறேன்" என்றார். மணி பத்தரை. நான் கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியப் பாக்காமத் திரும்பலாமாப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். இரட்டை லிங்கத்தில் ஒரு தடவை, பச்சரிசிப்பாறையில் ஒரு தடவை, பிலாவடிக் கருப்பு சந்நிதியில் ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை அப்படித் தூக்கினேன். இரண்டு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். அவர் சாமி கும்பிட்டார், அழுதார். நான் பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

இறங்கும்போது வழியிலேயே இருட்டிவிட்டது. அவருக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. முகம் தெரியாத இரண்டு பையன்கள் தோள் கொடுத்து, ஒன்பதரைக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த முழங்கால் அதன்பிறகு சரியாகவே இல்லை. கடைசிவரை மாடிப்படி ஏற மாட்டார். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஓடையில் முன்பின் தெரியாத ஒரு பையனின் கையைப் பிடித்து உட்கார வைத்த மனிதர் அவர். அவர் கையைப் பிடித்து நான் தூக்கிவிட்டேன்.

அதனால் தம்பி, 8ஆம் தேதி நான் போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பன்னிரண்டுக்கு மேலே சேர வேண்டும் என்று வைக்காதீர்கள். ஐந்து மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வையுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். மூன்று இடம், மூன்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: கோணத்தலைவாசல் ஒன்பதுக்குள், இரட்டை லிங்கம் பத்தரைக்குள், பெரிய பசுக்கிடை பதினொன்றரைக்குள். எந்த இடத்தில் அரை மணி நேரத்துக்குமேல் பிந்துகிறதோ, அங்கேயே திரும்ப வேண்டும். இதை வீட்டில், சோறு தின்று தெம்பாக உட்கார்ந்திருக்கும்போது முடிவு செய்யுங்கள். மலைமேல் முடிவு செய்தால் ஆசைதான் முடிவு செய்யும்.

இந்த நேரங்கள் என் நடையை வைத்துச் சொன்னவை. முதல் மணி நேரத்தில் அம்மா எப்படி நடக்கிறார் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 19, மாலை 6.05

"பாதியில் திரும்ப அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், அபசகுனம் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, சதுரகிரியில் சாமி உச்சியில் மட்டுமா இருக்கிறார்? அடிவாரத்து விநாயகரைக் கும்பிட்டுத்தான் ஏறுகிறோம். ராஜகாளியும் பேச்சியும் கருப்பனும் அங்கேயே நிற்கிறார்கள். வழி முழுக்கச் சித்தர்கள் நடந்த இடம் என்றுதானே உங்கள் அப்பா சொல்லியிருப்பார்? இரட்டை லிங்கத்தில் இருப்பதும் அதே சிவன்தான். அங்கே சூடம் ஏற்ற முடியாது, தீ கூடாது. ஒரு வில்வ இலை போதும். எங்கள் பக்கத்தில் வயதான ஆத்தாக்கள் அங்கே உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இம்புட்டுத்தான் கூப்பிட்டிருக்காரு" என்று சொல்லி இறங்குவார்கள். மாடு மேய்த்த பச்சைமால் பாலுக்காகக் கோபப்பட்டு அடித்ததில்தான் லிங்கமே சாய்ந்தது என்பது கதை. அவசரப்பட்ட மனிதனையும் பொறுத்துக்கொண்ட சாமி, நிதானமாகத் திரும்புகிறவரையா கோபித்துக்கொள்வார்?

பையனுக்கும் அதேதான். அம்மா திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். "நீங்க உக்காருங்க, நாங்க போய்ட்டு வர்றோம்" என்று அவரைத் தனியே விடக் கூடாது. பாதையில் ஆள் குறைந்ததும் காட்டெருமை பாதைக்கு வரும்.

பிப்ரவரி 21, காலை 8.00

காய்ந்த புல்லில் இந்த மாதம் தீ பிடிக்க வாய்ப்பு உண்டு. தீ என்றால் அன்று காலைகூட ஏறத் தடை போடுவார்கள். கேட்டில் வாதாடாதீர்கள். அப்படி ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு இருக்கிறது, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போகலாம். சாம்பல் அணில் அங்கேயும் உண்டு. பையன் ஏமாற மாட்டான்.

தவசிப்பாறை, பெரிய மகாலிங்கம் என்று யாராவது கோயிலுக்கும் மேலே கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம். டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டு.

பிப்ரவரி 25, பகல் 3.40

தம்பி எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும்:

"7.10க்கு உள்ளே விட்டார்கள். 7.50க்கு ஓடையோரம் மகன் என் கையைக் கிள்ளினான். தலைக்கு மேலே கிளையில் நரைத்த வால் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிஷம் அசையாமல் நின்றான். வீட்டில் பன்னிரண்டு நொடி நிற்காதவன். கோணத்தலைவாசல் 9.25. இரட்டை லிங்கம் 11.15. அம்மா என் கைக்கடிகாரத்தைத் தானே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். 'இம்புட்டுத்தான்டா' என்று சொல்லி உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். தாத்தாவைப் பற்றி நான் கேட்டிராத கதைகளைச் சொன்னார். 3.50க்குக் கீழே. காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மகன்தான் கொஞ்சம் அழுதான், மேலே போகவில்லையே என்று."

மூன்று தடவை படித்துவிட்டேன். கோணத்தலைவாசலிலேயே 25 நிமிஷம் பிந்தியிருக்கிறது. அந்த இடத்துக்கு நான் சொன்ன ஒன்பது மணி 64 வயதுக்கு இறுக்கமான கணக்கு. வயதானவர்களோடு போகிறவர்கள் 9.30 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பையன் கேட்ட கேள்வி ஒன்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை: அணில் ஏன் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிடுகிறது? பின்னங்காலால் கிளையைப் பிடித்து முன்னே குனிந்து, இரண்டு கையாலும் காயைப் பிடித்துத் தின்னும்போது அதற்குப் பிடிமானத்துக்குக் கை மிச்சமில்லை. அந்தப் பக்கம் சாயாமல் இருக்க இந்தப் பக்கம் வால் எடை கொடுக்கிறது. பாட்டி இரண்டு கம்பு ஊன்றி இறங்கியதும் அதற்காகத்தான் என்று அவனிடம் சொல்லுங்கள்.